சுவீடனில் பெண்களின் பாதுகாப்பு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டாக்ஹோமில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். மழலையர் பள்ளி ஒன்றில் வேலை. ஷீஸ்டா பக்கம் மென்பொருள் வேலைக்கு வரும் பெண்கள், கணவருக்கு வேலை கிடைத்ததால் உடன் வருகிறவர்கள், உப்சாலாவுக்கும் லுண்டுக்கும் படிக்க வரும் மாணவிகள், ஊரில் தூக்கம் வராமல் இருக்கும் அவர்களுடைய அம்மாக்கள் என்று எல்லோரும் எப்படியோ என் எண்ணைப் பிடித்துவிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒரே பதிலைப் பலமுறை குரல்பதிவாக அனுப்பிச் சலித்துப்போய், எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்களின் சொற்களைக் கூடியவரை மாற்றவில்லை.

அக்கா, சுருக்கமாகச் சொல்லுங்கள். சுவீடன் பாதுகாப்பான நாடுதானா?

தெருவைப் பற்றிக் கேட்டால், ஆமாம். வீட்டைப் பற்றிக் கேட்டால், அது எந்த வீடு என்பதைப் பொறுத்தது. அந்த இரண்டாவது பதிலைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்குத் தனியாகச் சுரங்க ரயிலில் வரலாமா?

வரலாம், நான் வருகிறேன், என்னைப் போல் ஆயிரக்கணக்கான செவிலியர்களும் கடைப் பணியாளர்களும் வருகிறார்கள். வார நாட்களில் நள்ளிரவு தாண்டியும் ரயில் உண்டு, அதன் பிறகு இரவு பஸ். வெள்ளி, சனி இரவுகளில் ரயில் விடிய விடிய ஓடும். அந்த இரண்டு இரவுகளில்தான் சற்றுக் கவனம் வேண்டும். வாரம் முழுக்க வாயைத் திறக்காத இந்த ஊர் வெள்ளிக்கிழமை இரவில் குடித்துவிட்டுப் பாடும். பெரும்பாலும் பாட்டோடு சரி. சில சமயம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்பார்கள். பதில் சொல்லவேண்டிய கடமை இல்லை. எழுந்து ஆள் இருக்கும் பெட்டிக்குப் போய்விடுங்கள். இங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது.

கால்மர் போன்ற சில ஊர்களில் இரவு பஸ் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொன்னால், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே உங்கள் வீட்டுக்கு அருகில் இறக்கிவிடுவார். உங்கள் ஊரில் அந்த ஏற்பாடு உண்டா என்று ஓட்டுநரிடமே கேளுங்கள்.

டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடுமாமே? அந்த இருட்டில் எப்படி நடப்பது?

ஸ்டாக்ஹோமில் டிசம்பர் நடுவில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வடக்கே கிருனாவில் சில வாரங்கள் சூரியன் எழுவதே இல்லை. முதல் குளிர்காலத்தில் ‘இருட்டு என்றால் ஆபத்து’ என்று நம் உடம்பு பழகிய கணக்கு நம்மைப் பாடாய்ப் படுத்தும். நான்கு மணிக்கு மழலையர் பள்ளியிலிருந்து குழந்தைகளை அழைத்துப் போகும் அம்மாக்கள், அதே இருட்டில் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு சிரித்துப் பேசிப் போவதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குத் தெளிந்தது. இங்கே இருட்டு என்பது நேரம் இல்லை, பருவம்.

அந்த இருட்டில் உண்மையான ஆபத்து காலடியில் இருக்கிறது. பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர்களை எனக்கு நிறையவே தெரியும். காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை, மேலங்கியில் தொங்கவிடும் ஒளி எதிரொளிப்பான் இரண்டையும் வந்த முதல் வாரமே வாங்குங்கள். விலை சொற்பம். கார்ல்ஸ்கூகா என்ற சிறு நகரம் ஒருமுறை உட்கார்ந்து யோசித்தது: பனி விழுந்ததும் முதலில் கார் சாலைகளைத் துப்புரவு செய்கிறோமே, விழுந்து அடிபடுகிறவர்கள் நடந்து போகிறவர்கள்தானே, அவர்களில் பெண்கள்தானே அதிகம்? வரிசையை மாற்றி நடைபாதைகளையும் மழலையர் பள்ளி வழிகளையும் முன்னால் கொண்டுவந்தார்கள். பாதுகாப்பு என்றால் காவலர் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு அது புதுப் பாடம்.

டாக்சியில் தனியாக ஏறலாமா?

ஏறலாம். முறையான டாக்சியின் எண் பலகை மஞ்சள் நிறத்தில் இருக்கும். உங்களிடம் வந்து ‘டாக்சி வேண்டுமா’ என்று முணுமுணுக்கும் தனியார் காரில் ஏறாதீர்கள். பர்சும் பத்திரமாக இருக்கவேண்டும் என்றால் இன்னொன்று: 1990 முதல் இங்கே டாக்சிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு கிடையாது. காரின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் விலைச்சீட்டில் ஒப்பீட்டு விலை இருக்கும், அதாவது ஒரே அளவுப் பயணத்துக்கு ஒவ்வொரு டாக்சியும் எவ்வளவு வாங்கும் என்று ஒப்பிட உதவும் தொகை. அதைப் பார்க்காமல் விமான நிலையத்தில் ஏறிவிட்டு அழுதவர்கள் உண்டு.

பெப்பர் ஸ்ப்ரே வாங்கி அனுப்பட்டுமா என்று அப்பா கேட்கிறார்.

வேண்டவே வேண்டாம். இங்கே அது ஆயுதச் சட்டத்தில் வருகிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றவாளி நீங்கள்தான். கைப்பையில் கத்தியும் கூடாது. வேண்டுமானால் உரத்துக் கத்தும் அலாரம் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112. அவசரம் இல்லாத காவல்துறை விஷயங்களுக்கு 114 14. உடல்நல ஆலோசனைக்கு 1177. இந்த மூன்று எண்களையும் அப்பாவின் போனிலும் பதிந்து வையுங்கள், அவருக்கு அது ஸ்ப்ரேயைவிட நிம்மதி தரும்.

புடவை, பொட்டோடு வெளியே போனால் முறைத்துப் பார்ப்பார்களா?

மைனஸ் பத்து டிகிரியில் புடவையைப் பார்த்தால் ‘குளிரவில்லையா’ என்று நினைப்பார்களே தவிர, முறைக்கமாட்டார்கள். குட்டைப் பாவாடைக்கும் முறைக்கமாட்டார்கள். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது இந்த நாட்டின் பெரிய வசதி. கூட்டத்தில் இடிப்பதும் உரசுவதும் நம் பெண்கள் பள்ளி நாளிலிருந்து முழங்கையால் சமாளித்து வந்த விஷயம். இங்கே அந்த முழங்கைக்கு வேலை குறைந்துவிட்டது என்று ஒரு மாணவி சொன்னாள். சரியாகச் சொன்னாள்.

நிறத்தைப் பார்த்து வசைபாடுகிறவர்கள் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். எனக்கு இத்தனை ஆண்டுகளில் இரண்டு முறை நடந்திருக்கிறது. அப்படி நடந்தால் புகார் கொடுக்கலாம். இனத்தைக் குறிவைத்த குற்றம் என்றால் தண்டனை கூடும்.

‘உலகிலேயே பாலியல் வன்கொடுமை அதிகம் நடக்கும் நாடுகளில் ஒன்று சுவீடன்’ என்று மாமனார் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். உண்மையா?

பட்டியலில் இருப்பது பதிவான புகார்களின் எண்ணிக்கை. எண்ணும் முறை நாட்டுக்கு நாடு வேறு. ஒரு பெண், கணவன் தன்னை ஓராண்டாக வாரந்தோறும் வன்புணர்ந்தான் என்று புகார் கொடுத்தால், பல நாடுகளில் அது ஒரு வழக்கு. இங்கே ஒவ்வொரு முறையும் தனிக் குற்றமாக எண்ணப்படும், ஐம்பதைத் தாண்டிவிடும். திருமணத்துக்குள் நடப்பதும் 1965 முதல் இங்கே குற்றம். இந்தியச் சட்டத்தில் கணவனுக்கு இந்த விஷயத்தில் இன்னும் விலக்கு இருக்கிறது என்பதை மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

2005-ல் சட்ட வரையறையை விரித்தார்கள். 2018 ஜூலை 1 முதல் மிரட்டலோ அடியோ இருந்ததா என்ற கேள்வி பின்னுக்குப் போய், அந்தப் பெண் விருப்பத்தோடு பங்கேற்றாளா என்பதே அளவுகோல் ஆனது. விருப்பம் உண்டா என்று கவலைப்படாமல் நடந்துகொண்டவனுக்கு ‘கவனக்குறைவான வன்புணர்வு’ என்ற தனிக் குற்றமே உண்டு. வலை அகலமானால் மீனும் அதிகம் விழும். அதற்காக எல்லாம் எண்ணிக்கை விளையாட்டு என்று கையை உதறவும் முடியாது. புகார்களில் சிறு பகுதியே தண்டனையில் முடிகிறது என்று இங்குள்ள பெண்கள் அமைப்புகள் கத்திக்கொண்டே இருக்கின்றன.

துப்பாக்கிச் சூடு செய்திகளைப் பார்த்துவிட்டு வீடு எடுக்கவே பயமாக இருக்கிறது. எந்தப் பகுதியில் எடுக்கலாம்?

செய்தி பொய்யில்லை. 2022-ல் மட்டும் 62 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஒரு கோடி மக்கள் உள்ள நாட்டுக்கு அது வெட்கக்கேடான எண்ணிக்கை. ஆனால் பெரும்பாலும் போதைப்பொருள் கும்பல்களின் இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டது. வழிப்போக்கர்களும் பலியாகியிருக்கிறார்கள், அரிதாக. குற்றக் கும்பல்களின் தாக்கம் உள்ள இடங்களை ‘நலிந்த பகுதிகள்’ என்று காவல்துறை ஒரு பட்டியலாக வெளியிடுகிறது. அதில் உள்ள ரிங்கபி, ஹூஸ்பி போன்ற ஸ்டாக்ஹோம் புறநகர்களில் நம்மவர்கள் குடும்பத்தோடு நிம்மதியாகவும் இருக்கிறார்கள். வீடு எடுக்க நினைக்கும் பகுதியில் ஒரு பகலும் ஓர் இரவும் நடந்து பாருங்கள். ரயிலடியிலிருந்து வீட்டு வாசல் வரை விளக்கு உண்டா, வாசல் கதவின் குறியீட்டுப் பூட்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பது பட்டியலைப் படிப்பதைவிடப் பயன்படும்.

முன்பணத்தை மட்டும் சாவி கைக்கு வராமல் அனுப்பாதீர்கள். புதிதாக வரும் மாணவிகள் துப்பாக்கிக்குப் பயந்துகொண்டு, வாடகை மோசடியில் விழுகிறார்கள்.

துருவ ஒளி பார்க்கத் தனியாக வடக்கே போகிறேன். தெரியாத ஆண்களோடு ஒரே அறையில் தூங்கவேண்டுமாமே?

இரவு ரயிலில் பெண்களுக்கு மட்டுமான அறை உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே தேர்ந்தெடுங்கள். விடுதிகளிலும் பெண்கள் அறை பெரும்பாலும் கிடைக்கும். மலைக்குடில்கள்தாம் வேறு மாதிரி. வடக்கே உள்ள அபிஸ்கோவிலிருந்து தெற்கே 400 கிலோமீட்டருக்கும் மேல் போகும் ‘அரசன் பாதை’ என்ற மலை நடைபாதையில் உள்ள குடில்களில் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் அடுக்குப் படுக்கைகளில் படுப்பார்கள். முதல் இரவு எனக்குக் கண் மூடவில்லை. அடுத்த படுக்கையில் இருந்த எழுபது வயதுக்காரர் எட்டு மணிக்கே குறட்டை விட்டார், பிரச்சினை அதுதான்.

அங்கே மனிதர்களைவிட வானிலைக்குப் பயப்படுங்கள். பல இடங்களில் போன் எடுக்காது. எங்கிருந்து எங்கே போகிறீர்கள், எப்போது சேர்வீர்கள் என்று குடில் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இங்குள்ள சுவீடன் பெண்களுக்குப் பயமே கிடையாதா?

உண்டு. நம்மிடம் சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். குற்றத்தடுப்புக்கான அரசு அமைப்பு ஆண்டுதோறும் மக்களிடம் கேட்கிறது: உங்கள் பகுதியில் இரவில் தனியே போனால் பாதுகாப்பாக உணர்கிறீர்களா? பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இல்லை என்கிறார், அல்லது வெளியே போவதையே தவிர்க்கிறார். ஆண்களில் அது ஐந்தில் ஒருவர் அளவுக்குத்தான். சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடப்பது நம் ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். என்னோடு வேலை செய்யும் சுவீடன் பெண் தன் சாவியைக் காட்டினாள்.

வடக்கே உமியோ என்றொரு பல்கலைக்கழக நகரம். 1998 முதல் 2005 வரை ஒருவன் அங்கே இரவில் தனியே வரும் பெண்களைத் தாக்கி வந்தான். ஊரே இருட்டுக்குப் பயந்தது. பெண்கள் சேர்ந்தே வீடு திரும்பினார்கள், நண்பர்கள் துணைக்குப் போனார்கள். 2006-ல் பிடிபட்டபோது பார்த்தால், அக்கம்பக்கம் சந்தேகிக்காத சாதாரணக் குடும்பஸ்தன். அதற்குப் பிறகும் அந்த நகரம் ‘பெண்களே, இரவில் வெளியே போகாதீர்கள்’ என்று முடித்துவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. ரயில் நிலையத்துக்கு அடியில் 2012-ல் ஒரு நடைச் சுரங்கம் திறந்தார்கள். அகலமானது, மூலைகளை வளைத்துவிட்டதால் திருப்பத்தில் யாரும் ஒளிந்து நிற்கமுடியாது, நுழையும்போதே மறுமுனை வெளிச்சம் தெரியும், சுவர் நெடுகக் கண்ணாடி ஓவியம். நான் அங்கே போனபோது இரவு பத்து மணி. நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சுரங்கப் பாதையில் ஒரு பெண் நிற்பது என்பதே எனக்குப் புது விஷயம்.

என் விலாசத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாமாமே? அது எப்படி?

பார்க்கலாம். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பது என் பெரிய மனக்குறை. 1766 முதல் அரசு ஆவணங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பது இந்த நாட்டின் பெருமை. அதன் விளைவு: உங்கள் பெயரைத் தட்டினால் வயது, விலாசம், உடன் வசிப்பவர், சில சமயம் போன் எண் எல்லாம் வந்து நிற்கும். உங்களைப் பின்தொடரும் முன்னாள் காதலனுக்கும் அப்படியே வந்து நிற்கும்.

எவராலாவது மிரட்டல் இருந்தால், மக்கள் பதிவைக் கவனிக்கும் வரித்துறையிடம் உங்கள் விவரங்களை மறைக்கும்படி விண்ணப்பிக்கலாம். மிரட்டலுக்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே குறுஞ்செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள். போன் எண்ணை மட்டும் மறைக்க, போன் நிறுவனத்திடம் சொன்னால் போதும்.

கணவர் அடித்தால் யாரிடம் சொல்வது? இங்கே எனக்கு யாரையும் தெரியாது.

முதல் கேள்வியில் பாதியில் விட்டது இதுதான். 2014-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், பதினைந்து வயதுக்குப் பிறகு உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் சுவீடனில் 46 சதவீதம், டென்மார்க்கில் 52. ஒன்றியத்தின் சராசரி 33. வெளிப்படையாகச் சொல்லத் துணிவதால் எண் கூடுகிறது என்கிறார்கள் சிலர். அது மட்டும் காரணமில்லை என்கிறார்கள் வேறு சிலர். எப்படிப் பார்த்தாலும், தெருவில் யாரும் நம்மை உற்றுப் பார்ப்பதில்லை என்று மேலே மெச்சிக்கொண்டேனே, அதே குணம் இங்கே எதிரியாகிறது. சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டமாட்டார். நீங்கள்தான் சொல்லவேண்டும்.

020-50 50 50 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பெண்கள் உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, இலவசம், பெயர் சொல்லவேண்டாம், போன் பில்லில் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தால் சும்மா அழுதுவிட்டு வைத்துவிடுங்கள், மறுநாள் மீண்டும் கூப்பிடலாம். பெரும்பாலான பெரிய ஊர்களில் பெண்கள் புகலிடம் உண்டு. நகராட்சியின் சமூகநலத் துறை வழியாகவும் போகலாம். பாலியல் வன்முறை என்றால், ஸ்டாக்ஹோமில் தெற்கு மருத்துவமனையில் அதற்கென்றே இரவு பகலாகத் திறந்திருக்கும் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. போலீசில் புகார் கொடுக்காமலேயே அங்கே போகலாம்.

புகார் கொடுத்தபின் கணவர் காலில் விழுந்தாலும் ‘வாபஸ்’ என்று ஒன்று கிடையாது. வழக்கை நடத்துவதா என்பது அரசு வழக்கறிஞரின் முடிவு. இது பலருக்கு அதிர்ச்சி. எனக்கோ இது ஆறுதல். ‘நீதானே வழக்குப் போட்டாய்’ என்று ஊரிலிருந்து பத்துப் பேர் போன் செய்யும்போது, ‘என் கையில் இல்லை’ என்று உண்மையாகவே சொல்லலாம். பாதிக்கப்பட்டவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞரும் கிடைப்பார். அம்மா அடிபடுவதைப் பார்க்கும் குழந்தையும் 2021 முதல் இங்கே சட்டப்படி பாதிக்கப்பட்டவர்தான். குழந்தையை அடிப்பது 1979-லேயே தடை, அம்மாக்களுக்கும் சேர்த்து.

விசா அவருடைய வேலையை நம்பித்தான். பிரிந்தால் மறுநாளே நாடு கடத்திவிடுவார்கள் என்கிறார். அப்படியா?

மறுநாள் ஒன்றும் நடக்காது. உங்கள் அனுமதியை ரத்து செய்யும் அதிகாரம் கணவருக்கு இல்லை, குடியேற்றத் துறைக்கு மட்டுமே. அந்த மிரட்டலே வன்முறையின் ஒரு வகை என்று உதவி எண்ணில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அதற்காக, கவலையே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். இங்கே நிலையாக வாழ்பவரை மணந்து, அந்த உறவின் பேரில் அனுமதி பெற்றவருக்கு, வன்முறையால் பிரிந்தால் தொடர்ந்து தங்க அனுமதி கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. வேலை அனுமதியில் வந்தவரின் துணை என்ற அனுமதி வேறு வகை, அதில் நிலம் இன்னும் ஆட்டம் காணும். இரண்டில் நீங்கள் எது என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, வீட்டை விட்டு வெளியேறும் முன்பு புகலிடத்தின் வழியாக ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் முதலில் வெளியேறுங்கள், வழக்கறிஞர் பிறகு.

பிரச்சினை எதுவும் இல்லாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வந்த உடனே உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு, உங்கள் போனில் உங்கள் மின்அடையாளம் (வங்கியிலும் அரசு இணையதளங்களிலும் நீங்கள்தான் என்று காட்டும் செயலி), பாஸ்போர்ட் உங்கள் அலமாரியில். இலவச சுவீடிஷ் மொழி வகுப்பில் இடம் கிடைத்தால் குழந்தையைச் சாக்காகச் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

அலுவலகத்தில் மேலாளர் தோளில் கை வைக்கிறார். ஐரோப்பாவில் இது சகஜமோ என்று பேசாமல் இருக்கிறேன்.

சகஜம் இல்லை. சுவீடன்காரர்கள் கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள், உண்மை. அது எல்லோரும் பார்க்க, இரண்டு நொடி. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதுவும் தேவையில்லை. பிடிக்கவில்லை என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள், தொழிற்சங்கத்தில் சேருங்கள். தொல்லை பற்றி நிறுவனத்துக்குத் தெரியவந்தால் அதை விசாரித்தே ஆகவேண்டும் என்பது பாகுபாட்டுக்கு எதிரான சட்டம்.

உங்களுக்கு இங்கே எப்போதாவது உண்மையிலேயே பயம் வந்திருக்கிறதா, அக்கா?

ஒருமுறை. வந்த இரண்டாம் ஆண்டு, நவம்பர். அடுக்ககத்தின் நிலவறையில் பொதுத் துணி துவைக்கும் அறை. யார் எப்போது துவைப்பது என்பதற்கு நேரப் பட்டியல் உண்டு. இரவு ஒன்பதரைக்கு ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்தேன். ஆள் அசையாவிட்டால் அணைந்துவிடும் விளக்கு, வெளியே நடையில் அணைந்திருந்தது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், இருட்டில் ஓர் ஆண் அசையாமல் நிற்கிறான். நான் கூடையைத் தூக்கினேன், அவன் நகர்ந்தான். நான் நின்றேன், அவனும் நின்றான். போன் அங்கே எடுக்காது. சாவியை விரலிடுக்கில் பிடித்தபடி அவனைக் கடந்து நான்கு மாடியும் ஓடினேன். இரவெல்லாம் தூங்கவில்லை.

காலையில் துணி அறைக் கதவில் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அகராதியை வைத்துப் படித்தேன்: ‘நேற்று இரவு ஒன்பது முதல் என்னுடைய நேரம். 9.35 வரை காத்திருந்தேன். அடுத்த முறை நேரத்தைக் கடைப்பிடிக்கவும். வடிகட்டியில் பஞ்சும் எடுக்கப்படவில்லை.’